பொன்துடிப்புக் கேடயம்

மனிதகுலம் இதுவரை இதயத்துக்குச் செய்த சேவைகளையெல்லாம் ஒரு தட்டிலும், ஒரு லிஃப்ட் பராமரிப்பு நிறுவனம் ஒரே ஆண்டில் செய்த சேவையை இன்னொரு தட்டிலும் வைத்தால், இரண்டாவது தட்டுதான் தரையைத் தொடும். தொட்ட பிறகு மேலே எழும்பாது. அந்த நிறுவனம் பராமரித்த லிஃப்டுகளும் பெரும்பாலும் அப்படித்தான்.

அந்த ஆண்டுக்கு 'இதய ஆண்டு' என்று பெயர் வைத்தார்கள். வைத்தவர் நலவாழ்வு அதிகாரி. முன்பு அவர் விற்பனைப் பிரிவில் இருந்தார். அங்கே அவர் எதையும் விற்காததால், எதையும் விற்கத் தேவையில்லாத ஒரு பதவியை அவருக்காகவே உருவாக்கியிருந்தார்கள். மாநாட்டு அறையில் எல்லோரையும் நிற்கவைத்து (உட்காருவது இதயத்துக்குப் பகையாம்) அவர் அறிவித்தார்:

"இன்னையிலேர்ந்து நம்ம ஆளுங்க யாரும் லிஃப்ட்ல ஏறக் கூடாது. லிஃப்ட் வாடிக்கையாளருக்கு. படி நமக்கு."

பின்வரிசையிலிருந்து ஒரு குரல் கேட்டது: "சார், நாம லிஃப்ட் கம்பெனிதானே?"

"அதனாலதான் சொல்றேன். மருந்துக் கடைக்காரர் தினமும் மருந்தா சாப்பிடுறாரு?"

இந்த வாதத்துக்கு எல்லோரும் கைதட்டினார்கள்.

ஆளுக்கொரு கைப்பட்டை கொடுக்கப்பட்டது. இதயம் ஓர் அளவுக்கு மேல் வேகமாகத் துடிக்கும் ஒவ்வொரு நிமிடத்துக்கும் ஒரு துடிப்புப் புள்ளி. புள்ளி சேர்ந்தால் பட்டையில் பச்சை விளக்கு எரியும். சேராவிட்டால் சிவப்பு. அதிகப் புள்ளி எடுக்கும் பிரிவுக்கு ஆண்டு முடிவில் பொன்துடிப்புக் கேடயம். கூடவே அடுத்த ஆண்டு முழுக்க மதியச் சாப்பாட்டுக்குப் பின் அரை மணி நேரம் ஓய்வு. கேடயத்தை யாரும் பெரிதாக நினைக்கவில்லை. அரை மணி நேரம் என்றதும் பலருக்குக் கண் கலங்கியது.

நலவாழ்வு அதிகாரியின் பட்டை மட்டும் எப்போதும் சிவப்பாகவே இருந்தது. அதைச் சட்டைக் கைக்குள் தள்ளிவிட்டுக்கொள்வார். வாடிக்கையாளர்களை அழைத்துப்போகும் பொறுப்பு அவருடையது என்பதால் அவருக்கு லிஃப்ட் உண்டு. வாடிக்கையாளர் வராத நாளில் தன்னையே ஒரு வாடிக்கையாளராகப் பாவித்து ஏறிக்கொள்வார்.

புகார்ப் பிரிவு ஏழாவது மாடியில் இருந்தது. புகார்கள் தொலைபேசியில் வருவதால், அதைக் கேட்பவர்கள் எவ்வளவு உயரத்தில் இருந்தாலும் பாதகமில்லை என்று யாரோ எப்போதோ முடிவு செய்திருந்தார்கள். அங்கேதான் சாந்தம் இருந்தார். அது அவர் பெயரல்ல. அவர் குரலுக்கு வைத்த பெயர். பாதி வழியில் நின்ற லிஃப்டுக்குள்ளிருந்து அழுதுகொண்டு கூப்பிடுபவர்கள்கூட அவர் பேச ஆரம்பித்ததும் மூக்கைச் சிந்திவிட்டு, "சரிங்க, காத்திருக்கேன்" என்பார்கள்.

"பதறாதீங்க. மூச்சை மெதுவா இழுத்து விடுங்க. கதவைக் கையால திறக்கப் பாக்காதீங்க. உதவி கிளம்பிடுச்சு."

உதவி உண்மையிலேயே கிளம்பிவிட்டதா என்பது அவருக்குத் தெரியாது. அது வேறு பிரிவு.

இந்த வாசகத்தை எழுதியவர் அவர்தான். பிரிவில் எல்லோரும் அதையே படிப்பார்கள். அடுத்த நாற்காலியில் இருந்த மாப்பிள்ளை, அதாவது அவர் மனைவியின் தம்பி, ஓர் எழுத்துகூட மாற்றாமல் படிப்பான். வேலை வாங்கிக் கொடுத்த அன்று, "வாசகத்த விட்டு அங்க இங்க போகாத மாப்ள, வேலை போயிடும்" என்று சாந்தம் சொன்னதை அவன் அப்படியே பிடித்துக்கொண்டிருந்தான்.

இதய ஆண்டில் அதோடு இன்னும் இரண்டு வரியைச் சாந்தமே எழுதிச் சேர்த்தார்: "லிஃப்ட் சரியாகும் வரைக்கும் படியில ஏறலாம். படி இதயத்துக்கு நல்லது." இந்த வரிகளைச் சொல்லி முடித்ததும் அந்தப் புகார் தீர்ந்ததாகக் கொள்ளப்படும். பழுது என்ற சொல்லே ஒழிக்கப்பட்டது. நின்றுபோன லிஃப்டுக்கு 'நலவாழ்வு வாய்ப்பு' என்று பெயர். நிறுவன வரலாற்றிலேயே அத்தனை புகார்கள் அத்தனை வேகத்தில் தீர்ந்தது அந்த ஆண்டில்தான்.

சாந்தத்துக்கு முதல் வாரத்திலேயே நெஞ்சுக்குள் ஏதோ தடுக்கியது. மூன்றாவது மாடியைத் தாண்டும்போது யாரோ உள்ளேயிருந்து பூட்டிய கதவைத் தட்டுவதுபோல் இருந்தது. பிறகு அந்தத் தட்டல் நிற்காமல் ஓடத் தொடங்கியது. ஏழாவது மாடிக்குப் போய் நாற்காலியில் உட்கார்ந்த பிறகும் ஓடியது. இன்னொருவரிடம் "பதறாதீங்க" என்று சொல்லிக்கொண்டிருக்கும்போதும் ஓடியது. பிறகு திடீரென்று, வந்த மாதிரியே நின்றது.

இந்த நேரமெல்லாம் பட்டை புள்ளி எண்ணிக்கொண்டிருந்தது.

மற்றவர்கள் படியேறும்போது மட்டும் புள்ளி வாங்கினார்கள். சாந்தமோ உட்கார்ந்தபடியே வாங்கினார். கடைசி இடத்தில் கிடந்த புகார்ப் பிரிவு கிடுகிடுவென்று முதலிடத்துக்கு ஏறியது. நலவாழ்வு அதிகாரி நேரில் வந்து கையைக் குலுக்கினார்.

"எல்லாரும் பாத்துக்குங்க. மத்தவங்க எழுந்து நின்னு உழைக்கிறாங்க. இவரு உக்காந்த இடத்துலயே உழைக்கிறாரு. இதுக்குப் பேருதான் அர்ப்பணிப்பு!"

சாந்தத்தின் படத்தைப் பெரிதாக்கிக் கீழ்த்தளத்தில் மாட்டினார்கள். அதுவரை அவர் முகத்தை நிமிர்ந்தும் பார்க்காதவர்கள் மேசையில் கடுங்காப்பி கொண்டுவந்து வைத்தார்கள். ஒருவர் தன் விவாகரத்து வழக்கை விரிவாகச் சொன்னார், துடிப்பு கூடுமா என்று பார்க்க. மாப்பிள்ளை அவ்வப்போது பின்னால் பதுங்கி வந்து "பே!" என்று கத்தினான்.

"என்ன மாப்ள இது?"

"பிரிவுக்காக மாமா."

ஆண்டின் நடுவில் தட்டல் இரண்டாவது மாடியிலேயே தொடங்கியது. பிறகு முதல் மாடியில். ஆண்டு முடியப் போகும் சமயத்தில் ஒருநாள் கண் இருட்டிக்கொண்டு வந்தது. கைப்பிடியைப் பற்றிக்கொண்டு படியில் உட்கார்ந்தார். அந்த வழியாக வந்த கணக்குப் பிரிவு ஆள் குனிந்து அவர் மணிக்கட்டைப் பார்த்து, "எப்பா, என்னா பச்சை!" என்று பெருமூச்சு விட்டுவிட்டு மேலே ஏறிப்போனார்.

அன்று மாலை வீட்டில் விஷயம் வெளியே வந்தது. சாந்தத்தின் மனைவிக்கு ரொட்டிக் கடையில் வேலை. அடுப்பைப் பார்த்தே உள்ளே இருப்பது வெந்ததா கருகியதா என்று சொல்பவள். புருஷன் முகத்தைப் பார்த்துச் சொல்வதற்கு அவளுக்கு அவ்வளவு நேரம்கூடப் பிடிக்கவில்லை.

"எத்தனை நாளா இப்படி?"

"புள்ளி நல்லா வருது."

"நான் புள்ளியவா கேட்டேன்? நீங்க போய்ச் சேந்துட்டா அந்தப் புள்ளிய யார் பேர்ல எழுதுவாங்க?"

"பிரிவு பேர்ல."

சாப்பிட வந்திருந்த தம்பி மெதுவாகச் சொன்னான்: "அக்கா, இன்னும் கொஞ்ச நாள்தான். கேடயம் முடியட்டும், அப்புறம் பாத்துக்கலாம்."

"டேய், நீ வாய மூடு. இவரு செத்தா அந்த அரை மணி நேரம் நிம்மதியா தூங்குவியா நீ?"

தம்பி நேர்மையானவன். யோசித்துப் பார்த்தான். "முதல் வாரம் தூக்கம் வராதுக்கா" என்றான்.

"நாளைக்கே நல்ல நிபுணரா பாத்துக் காட்டுறீங்க" என்று அவள் முடித்துவிட்டாள்.

நிபுணரைப் பார்ப்பது அவ்வளவு எளிதல்ல. அதற்கு நிறுவன மருத்துவரின் பரிந்துரை வேண்டும். நிறுவன மருத்துவர் கீழ்த்தளத்தில் இருந்தார். நோயாளி இருந்த பக்கம் அவர் நாற்காலி திரும்பாது. கணினி இருந்த பக்கம் மட்டுமே திரும்பும்.

"சொல்லுங்க."

"படி ஏறினா நெஞ்சு படபடன்னு அடிச்சுக்குது டாக்டர். முன்ன மூணாவது மாடியில வரும். இப்ப முதல் மாடியிலயே வருது. நேத்து கண்ணு இருட்டிடுச்சு. இதயத்துக்குன்னு படிச்ச டாக்டர் ஒருத்தர்கிட்ட காட்டணும்."

மருத்துவர் திரையைத் தட்டினார். அவர் முகத்தில் பச்சை வெளிச்சம் விழுந்தது.

"அட, நீங்கதானா அது! இத பாருங்க. இவ்வளவு பச்சை நான் பாத்ததே இல்ல."

"இப்பக்கூட அடிக்குது டாக்டர். கொஞ்சம் கைய வெச்சுப் பாருங்களேன்."

"கைய வெச்சுப் பாக்குறதெல்லாம் அந்தக் காலம்ங்க. சிவப்பு எரிஞ்சாதான் நான் நிபுணருக்கு எழுத முடியும். பச்சைக்கு எழுதினா என்னையல்ல கேப்பாங்க? நீங்கதான் இந்தக் கட்டடத்துலயே ஆரோக்கியமான மனுஷன். தைரியமா போங்க."

சாந்தம் எழுந்து கதவருகே போனார்.

"ஒரு நிமிஷம்" என்று மருத்துவர் கூப்பிட்டார். "காலையில என்ன சாப்பிடுறீங்க? எனக்கும் சொல்லுங்களேன். எனக்குச் சிவப்புதான் எரியுது."

வீட்டில் இதைக் கேட்ட மனைவி அவர் கையிலிருந்து பட்டையைக் கழற்றினாள். கடையிலிருந்து கொண்டுவந்த ரொட்டி ஒன்று சமையலறை அலமாரியில் இருந்தது. பட்டையை அதன் இடுப்பில் கட்டினாள்.

"சிவப்பு வேணும்னாங்கல்ல? வரட்டும்."

சாந்தம் அந்த வாரம் முழுக்க நீளக் கைச் சட்டை போட்டுக்கொண்டு வேலைக்குப் போனார். ஒவ்வொரு மாடியிலும் நின்று நின்று ஏறினார். பட்டை அலமாரியில் ரொட்டியோடு இருந்தது. ரொட்டிக்குத் துடிப்பு இருக்காது என்றுதான் கணவனும் மனைவியும் நினைத்தார்கள். பட்டை அப்படி நினைக்கவில்லை. அவ்வப்போது ரொட்டிக்கும் கொஞ்சம் துடிப்பு காட்டியது. ரொட்டி எடுத்த புள்ளி, கணக்குப் பிரிவுத் தலைவர் அந்த வாரம் எடுத்ததைவிடச் சற்றுக் கூடுதல். 'இன்று மந்தமாக இருக்கிறீர்கள். ஒரு நடை போய் வரலாமே?' என்று பட்டையில் செய்தி வந்தது. ரொட்டி போகவில்லை. 'உங்கள் இதயம் இன்னும் முயற்சி செய்யலாம்' என்று அடுத்த செய்தி வந்தது. அதற்குள் ரொட்டியில் பூஞ்சை பிடித்திருந்தது. ஆள் மாற்றினார்கள்.

வாரக் கடைசியில் அவசரக் கூட்டம். சாந்தத்தை நடுவில் நிற்கவைத்து நலவாழ்வு அதிகாரி வரைபடம் ஒன்றைக் காட்டினார். மலைபோல் உயர்ந்திருந்த கோடு சட்டென்று விழுந்து சிவப்பாகத் தரையோடு தரையாகக் கிடந்தது.

"இதயம் கிட்டத்தட்ட நின்னு போன மாதிரி இருக்கு" என்றார் அதிகாரி. "ஒரு வாரமா! ஏன்? ஏன் இந்த அலட்சியம்?"

இதயம் நின்ற ஆள் எப்படி எதிரே நிற்கிறார் என்று யாரும் கேட்கவில்லை. எல்லோரும் தலையைக் குனிந்துகொண்டார்கள். மாப்பிள்ளை அழுதே விட்டான். அவனுக்கு ரொட்டி விஷயம் தெரியாது.

"மனசுல ஏதாவது கஷ்டமா?" என்று அதிகாரி கனிவாகக் கேட்டார். "நிர்வாகத்து மேல வருத்தமா? சொல்லுங்க, செஞ்சு குடுத்திடலாம். எங்களுக்குப் பழைய இதயம் வேணும்."

"நிபுணர்கிட்ட காட்டினா சரியாகிடும்னு தோணுது சார்."

நிறுவன மருத்துவர் அங்கேயே, நின்றபடியே பரிந்துரை எழுதினார். நோயின் பெயர்: 'இதய ஆர்வக் குறைவு'. பட்டை சாந்தத்தின் கைக்குத் திரும்பியது. ரொட்டி ஓய்வு பெற்றது.

நிபுணரின் மருத்துவமனை ஓர் உயரமான கட்டடத்தில் ஐந்தாவது மாடியில் இருந்தது. லிஃப்ட் வாசலில் குறுக்கே ஒரு நாற்காலி போட்டிருந்தது. கதவில் நிறுவனத்தின் முத்திரை ஒட்டியிருந்தது. சாந்தம் அதைப் பார்த்துவிட்டு வேறு பக்கம் பார்த்தார். மனைவி அவரைப் பார்த்தாள்.

"உங்க கம்பெனிதானே?"

"ஆமா."

"புகார் குடுத்திருப்பாங்கல்ல?"

அவர் படியில் கால் வைத்தார். முதல் மாடி முடிவதற்குள் நெஞ்சு ஓடத் தொடங்கிவிட்டது. ஒவ்வொரு திருப்பத்திலும் உட்கார்ந்தார். மேலே போய்ச் சேர்ந்தபோது சட்டை நனைந்திருந்தது. வரவேற்பு மேசையில் இருந்த பெண்ணிடம் பெயரைச் சொன்னார். அவள் எழுதுவதை நிறுத்திவிட்டு நிமிர்ந்தாள்.

"சார், இந்தக் குரல எங்கயோ கேட்டிருக்கேனே... ஆங்! லிஃப்ட் நின்னப்ப போன் பண்ணினேன். இது இதய ஆஸ்பத்திரிங்க, நோயாளிங்க ஏற முடியலன்னு சொன்னேன். படி இதயத்துக்கு நல்லதுன்னு சொன்னது நீங்கதானே?"

"வாசகம்ங்க அது" என்றார் சாந்தம், மூச்சு வாங்க.

"யார் எழுதினாங்களோ அந்த வாசகத்த" என்றாள் மனைவி. அவளுக்குத் தெரியும்.

இந்த மாதிரிப் படபடப்புக்கு ஒரு குணம் உண்டு. வீட்டில் வரும், தெருவில் வரும். மருத்துவர் முன்னால் வராது. நோயாளி சத்தியம் பண்ணுவார், இயந்திரம் 'எல்லாம் சரி' என்று காகிதம் துப்பும். சாந்தத்துக்கு அப்படி நடக்கவில்லை. ஐந்து மாடி ஏறிவந்த வேகத்தில் இதயம் ஓடிக்கொண்டே இருந்ததால், மார்பில் கம்பிகளை ஒட்டியதுமே அது கையும் களவுமாகக் காகிதத்தில் மாட்டிக்கொண்டது. இந்தக் கண்டுபிடிப்பில் லிஃப்ட் நிறுவனத்தின் பங்களிப்பை எந்த மருத்துவ ஏடும் இதுவரை குறிப்பிடவில்லை. நன்றி கெட்ட உலகம்.

நிபுணர் அவரைப் படுக்கவைத்து ஊசி இல்லாத ஒரு சிரிஞ்சைக் கொடுத்து முழு மூச்சாக ஊதச் சொன்னார். பிறகு சட்டென்று காலைத் தூக்கிப் பிடித்தார். சுவிட்சை அணைத்ததுபோல் தட்டல் நின்று, நெஞ்சு சீராக நடக்கத் தொடங்கியது.

"பிறவியிலேயே உங்க இதயத்துல மின்சாரம் போறதுக்கு ஒரு வழி கூடுதலா இருக்கு" என்றார் நிபுணர். "உடம்புக்கு வேகம் குடுத்தா துடிப்பு அந்தக் குறுக்கு வழியில பூந்து சுத்திச் சுத்தி வருது."

சாந்தம் யோசித்தார். "பொத்தான் உள்ள சிக்கிட்டா, கூப்பிட ஆள் இல்லாமலே லிஃப்ட் மேலயும் கீழயும் ஓடிக்கிட்டு இருக்குமே, அந்த மாதிரியா டாக்டர்?"

"அதேதான். தொடை வழியா மெல்லிசா ஒரு கம்பி விட்டு அந்த வழிய அடைச்சிடலாம். பயப்பட ஒண்ணுமில்ல. ஆனா போகப் போக சீக்கிரம் வருது, கண்ணு வேற இருட்டுது. தள்ளிப் போட்டா ஒருநாள் படியில உருண்டுடுவீங்க. அடுத்த வியாழக்கிழமை வந்துடுங்க. அதுவரைக்கும் படியே கூடாது. லிஃப்ட்லதான் போகணும். எழுதித் தரேன்."

எழுதிவிட்டுக் கதவுப் பக்கம் பார்த்தார். "எங்க லிஃப்ட்ல இல்ல. வேற ஏதாவது லிஃப்ட்ல."

மறுநாள் அந்தக் காகிதத்தை நலவாழ்வு அதிகாரி மேலிருந்து கீழாக ஒருமுறையும், கீழிருந்து மேலாக ஒருமுறையும் படித்தார். அவர் முகம் மலர்ந்தது. எழுந்து வந்து சாந்தத்தைக் கட்டிக்கொண்டார்.

"இதய நிபுணரே கையெழுத்துப் போட்டிருக்காரு! லிஃப்ட்லதான் போகணும்னு! இத்தனை வருஷம் விற்பனையில இருந்தேன், இப்படி ஒரு வரி எனக்குக் கிடைக்கலையே!"

அடுத்த நாள் காலை நிறுவனம் பராமரித்த எல்லா லிஃப்டுகளிலும் ஒரு விளம்பரம் ஒட்டப்பட்டது. கீழ்த்தளத்தில் மாட்டியிருந்த அதே படம். கீழே பெரிய எழுத்தில்: 'இதய நிபுணரின் கருத்து: லிஃப்டில் செல்லுங்கள், உயிர் காத்துக்கொள்ளுங்கள்.' ஓடாத லிஃப்டுகளிலும் ஒட்டினார்கள். பாரபட்சம் காட்டவில்லை.

"அப்ப நான் லிஃப்ட்ல போலாமா சார்?"

"நீங்க வாடிக்கையாளரா?"

"இல்ல சார்."

"பின்ன?"

"வியாழக்கிழமை சிகிச்சை சார். லீவு..."

"என்னங்க நீங்க. சனிக்கிழமை கணக்கு முடியுது. ரெண்டாவது இடத்துல இருக்கிறவன் மூச்சு விடாம ஏறிக்கிட்டிருக்கான். கேடயம் முடியட்டும், அப்புறம் பாத்துக்கலாம். ஆஸ்பத்திரி எங்கயும் ஓடிடாது."

மேலதிகாரியிடம் மறுத்துப் பேசும் வாசகம் எதையும் சாந்தம் அதுவரை எழுதியதில்லை. "சரிங்க சார்" என்றார். மனைவியிடம், லிஃப்டில்தான் போய்வருவதாகச் சொன்னார். அவருடைய படம் லிஃப்டில்தான் போய்வந்துகொண்டிருந்தது என்பதால் அதை முழுப்பொய் என்று சொல்ல முடியாது. வியாழக்கிழமையைப் பற்றி அவள் கேட்டபோதெல்லாம் "பாக்கலாம்" என்றார்.

புதன்கிழமை காலை நாலாவது மாடிக்குப் போவதற்குள் நெஞ்சு பிய்த்துக்கொண்டு ஓடியது. கண் இருண்டது. லிஃப்ட் வாசலுக்கு எதிரே தரையில் மல்லாந்து படுத்தார். முஷ்டியை வாயில் வைத்து முழு மூச்சாக ஊதினார். காலைத் தூக்கிச் சுவரில் சாய்த்தார். ஒருமுறை, இன்னொருமுறை. மூன்றாவது முறை தட்டல் நின்றது.

அப்போதுதான், யாரும் கூப்பிடாமலே, லிஃப்ட் அங்கே நின்று திறந்தது. உள்ளே நலவாழ்வு அதிகாரியும், ஒரு வாடிக்கையாளர் அம்மாளும். அந்த அம்மாளுக்கு நாலைந்து கட்டடங்கள் சொந்தம். மேல்தளத்தில் இருக்கும் லிஃப்ட் இயந்திரத்தைக் காட்ட அதிகாரி அவரை அழைத்துப்போய்க்கொண்டிருந்தார். அம்மாள் லிஃப்டில் இருந்த படத்தைப் பார்த்தார். தரையில் கிடந்தவரைப் பார்த்தார்.

"இதுல இருக்கிறவர் இவர்தானே? ஏன் கால மேல போட்டுக் கீழ கிடக்கிறாரு?"

"எங்க சாம்பியன்ம்மா" என்றார் அதிகாரி. "பயிற்சி பண்றாரு."

"லிஃப்ட்ல போனாதான் உயிர் பொழைப்பாருன்னு போட்டிருக்கு. அப்புறம் ஏன் படியில விட்டீங்க?"

அதிகாரி சட்டைக் கையை இன்னும் கீழே இழுத்துவிட்டுக்கொண்டார். அம்மாள் கையை நீட்டினார். "எழுந்திரிங்க தம்பி. உள்ள வாங்க. நான் வாடிக்கையாளர், நான் கூப்பிடுறேன்."

இதய ஆண்டில் முதன்முறையாகச் சாந்தம் லிஃப்டில் ஏறினார். கதவு மூடியது. ஐந்தைத் தாண்டியதும் விளக்கு ஒருமுறை சிமிட்டியது. லிஃப்ட் ஒரு குலுக்கு குலுக்கி நின்றது.

"நலவாழ்வு வாய்ப்பு" என்றார் சாந்தம், பழக்கத்தில்.

அதிகாரி எல்லாப் பொத்தான்களையும் அமுக்கினார். கதவை நகத்தால் பிறாண்டினார். அபாயப் பொத்தானைக் குத்தியதும் மேலேயிருந்து ஒரு குரல் வந்தது.

"வணக்கம், புகார்ப் பிரிவு. பதறாதீங்க. மூச்சை மெதுவா இழுத்து விடுங்க."

"டேய், நான்தான்டா! நலவாழ்வு அதிகாரி!"

"கதவைக் கையால திறக்கப் பாக்காதீங்க. எந்தக் கட்டடம் சார்?"

"நம்ம கட்டடம்டா! உன் காலுக்குக் கீழ!"

மாப்பிள்ளை கொஞ்சம் தயங்கினான். "நம்ம கட்டடத்துலேர்ந்து இதுவரைக்கும் புகாரே வந்ததில்லையே சார்."

"மாப்ள, நானும் இங்கதான் இருக்கேன்" என்றார் சாந்தம்.

"மாமா! நீங்க எப்படி லிஃப்ட்ல? புள்ளி போயிடுமே!"

"பழுது பாக்குறவங்கள அனுப்புடா!" என்று அதிகாரி அலறினார்.

"உதவி கிளம்பிடுச்சு சார். சாமானெல்லாம் தூக்கிக்கிட்டுப் படியிலதான் வரணும், அவங்களும் நம்ம ஆளுங்கதானே. வர்ற வழியில புள்ளிக்காக ரெண்டு தடவ கூட ஏறி இறங்கிட்டு வர்றோம்னாங்க. லிஃப்ட் சரியாகும் வரைக்கும் படியில ஏறலாம். படி இதயத்துக்கு நல்லது. வேற ஏதாவது உதவி வேணுமா சார்?"

அதிகாரி சுவரோடு சரிந்து தரையில் உட்கார்ந்தார். முகம் வெளுத்திருந்தது. சட்டை நனைந்து ஒட்டியிருந்தது.

"முடியலைங்க... நெஞ்சு அடிச்சுக்குது... கண்ணு இருட்டுது. யாராவது டாக்டரக் கூப்பிடுங்களேன்..."

சாந்தம் பக்கத்தில் உட்கார்ந்து, அந்தக் காலத்து முறைப்படி அவர் மணிக்கட்டில் கையை வைத்துப் பார்த்தார். வேகம்தான்; ஆனால் ஒழுங்காக ஓடியது. வெறும் பயம். சட்டைக் கையை மேலே ஒதுக்கினார். அந்த ஆண்டு முழுக்கச் சிவப்பாக இருந்த பட்டை பளிச்சென்று எரிந்துகொண்டிருந்தது.

பிறகு தன் பட்டையைக் கழற்றி, தன் படத்துக்குக் கீழே இருந்த கைப்பிடியில் மாட்டினார்.

"என்ன தம்பி, கழட்டிட்டீங்க?" என்றார் அம்மாள்.

"நாளைக்கு எனக்குச் சிகிச்சைம்மா. போறேன்."

அதிகாரி அவர் சட்டையைப் பிடித்து இழுத்தார். "எனக்கு ஏதாவது பண்ணுங்க சாந்தம்... செத்துடுவேன் போல இருக்கு..."

சாந்தம் அவர் தோளில் கை போட்டார். ஆயிரம் பேரின் அழுகையை நிறுத்திய அந்தக் குரலில், அவசரமே இல்லாமல் சொன்னார்:

"பதறாதீங்க சார். பச்சை எரியுது பாருங்க. இப்ப நீங்கதான் இந்தக் கட்டடத்துலயே ஆரோக்கியமான மனுஷன். கேடயம் முடியட்டும், அப்புறம் பாத்துக்கலாம்."